இருபது கிராம் ஈயம்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். தராசு மெக்கானிக் கிராம், ஒரு நகைக்கடைத் தராசைப் பிரித்துப் போட்டு அதன் வயிற்றுக்குள் கண்ணை நுழைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பேசியது தாய்சேய் நல நிலையத்து நர்ஸ்.

"என்ன பண்ணி வச்சீங்க அந்தத் தராசை?" எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்.

"எந்தத் தராசு, சிஸ்டர்?"

"குழந்தைங்க தராசுதான். போன வாரம் திங்கட்கிழமை வந்து சரிபண்ணிட்டுப் போயிருக்கீங்க. நான் லீவு. எனக்குப் பதிலா வந்த பொண்ணு புதன்கிழமை பதினாலு குழந்தைங்களை நிறுத்திருக்கா. அதுல பதினொண்ணுக்கு எடை குறைஞ்சிருக்கு. எல்லாக் குழந்தையும் பேசி வச்சுக்கிட்டா இளைக்கும்?"

கிராமுக்குப் பயமாகிவிட்டது. இருபத்திரண்டு வருடமாகத் தராசு பழுது பார்க்கிறவர். அடையாள அட்டையில் வேறு ஒரு பெயர் இருந்தாலும், ஒரு கிராம் பிசகினாலும் தூங்கமாட்டார் என்பதால் ஊருக்கெல்லாம் அவர் கிராம்தான். ஆனால் பயத்துக்குப் பக்கத்திலேயே வேறொன்றும் தலைதூக்கியது. தராசு கெட்டிருந்தால் பதினான்கு குழந்தைகளுக்கும் அல்லவா குறைந்திருக்க வேண்டும்? அந்த மூன்று மட்டும் எப்படித் தப்பின?

"சிஸ்டர், அந்த மீதி மூணு குழந்தை யாரு?"

"எனக்கு வர்ற கோபத்துக்கு... நீங்க முதல்ல கிளம்பி வாங்க."

நகைக்கடைத் தராசை அப்படியே துணி போட்டு மூடிவிட்டு, எடைக்கற்கள் வைத்த மரப்பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

நிலையத்தின் எடை போடும் அறை சின்னது. ஒரு மேசை, ஒரு பெஞ்ச், சுவரில் குழந்தைகளின் படம், ஜன்னலோரம் அந்தத் தராசு. பழைய மாதிரி. மேலே குழந்தையைப் படுக்க வைக்கிற தொட்டி, முன்னால் அளவு கீறிய நீளமான கம்பி, கம்பியின் மேல் நகருகிற ஒரு குண்டு. குண்டைத் தள்ளித் தள்ளிக் கம்பி நடுவில் நிற்கிற இடத்தில் எடையைப் படிக்க வேண்டும். மின்சாரம் வேண்டாம், எழுபது வயது வரை உழைக்கும்.

கிராம் ஒரு கிலோ கல்லை வைத்தார். ஒரு கிலோ காட்டியது. இரண்டு வைத்தார். இரண்டு. ஐந்து வைத்தார். ஐந்தேதான், மயிரிழைகூட நகரவில்லை.

நர்ஸ் பக்கத்தில் கைகட்டி நின்றாள். நாற்பது வயது, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தேடுகிற பழக்கம். "அப்போ தராசு சரியா இருக்கா?"

"இப்போ சரியா இருக்கு."

"இப்போன்னா?"

கிராம் குண்டைத் தொட்டுப் பார்த்தார். போன வாரம் அவர் இங்கே வந்தது வருடாந்திரப் பரிசோதனைக்கு. ஐந்து கிலோ கல்லை வைத்தபோது தராசு ஐந்தரை காட்டியது. குண்டைக் கழற்றி நிறுத்துப் பார்த்தார். இருநூற்றிருபது கிராம் இருக்க வேண்டியது இருநூறுதான் இருந்தது. குண்டின் அடியில் ஒரு துளை. அதில் அடைத்திருந்த ஈயத்துண்டு எங்கேயோ கழன்று விழுந்திருந்தது. குண்டு இலேசானால் அதை அதிக தூரம் தள்ளினால்தான் கம்பி சமநிலைக்கு வரும். அதிக தூரம் தள்ளினால் அதிக எடை காட்டும். புது ஈயம் அடைத்து, மூடி, சரிபார்த்து, முத்திரை வைத்து, சீட்டில் "சரிசெய்யப்பட்டது" என்று ஒரே ஒரு சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று தானியக் கிடங்கு ஒன்றில் லாரி எடைமேடை படுத்துக்கொண்டது. ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாகக் கடைக்காரரே "போதும்யா" என்று கும்பிடும் அளவுக்குக் கேள்வி கேட்கிறவர், அன்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"சிஸ்டர், நான் சரிபண்ணின பிறகு அது தப்பாகலை. அதுக்கு முன்னாடிதான் தப்பா இருந்திருக்கு. பத்துக்குப் பதினொண்ணுன்னு கூட்டிச் சொல்லியிருக்கு. எவ்வளவு நாளான்னுதான் தெரியல."

நர்ஸ் கண்ணாடியைக் கீழே இறக்கினாள். "பூஜ்யத்துல சரியாத்தானே நின்னுச்சு! தினமும் பார்ப்பேனே."

"பின்னாடி இருக்கிற ஸ்க்ரூவை யாராவது திருப்பினாங்களா?"

அவள் முகம் மாறியது. "நான்தான் திருப்பினேன். சுவருக்குப் பெயிண்ட் அடிச்சப்போ தராசைத் தூக்கி வெளியில வச்சிருந்தாங்க. திரும்ப வச்சப்போ பூஜ்யத்துல நிக்கல. ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பினேன், நின்னுச்சு. அதோட சரியாயிடுச்சுன்னு..."

"அந்த ஸ்க்ரூ பூஜ்யத்தை மட்டும்தான் சரிபண்ணும், குண்டுலேர்ந்து விழுந்த ஈயத்தை ஈடுகட்டாது. பதிவேட்டைக் கொண்டாங்க."

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். பெயிண்ட் அடித்த வாரத்துக்கு அடுத்த புதன்கிழமை, வந்த குழந்தைகள் எல்லாம் திடீரென்று கொழுத்திருந்தன. இரண்டு வாரத்தில் எண்ணூறு, எண்ணூற்றைம்பது என்று ஏறியிருந்தன.

"எனக்கு ஞாபகம் இருக்கு. நம்ம பேச்சைக் கேட்டு எல்லாரும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கறாங்க, பலன் கண்ணுக்குத் தெரியுதுன்னு மேலிடத்துக்குப் பெருமையா எழுதிக்கூடப் போட்டேன்" என்றாள் நர்ஸ்.

அந்த மூன்று குழந்தைகளின் மர்மமும் விடுபட்டது. இரண்டு, அன்றுதான் முதல் தடவையாக இங்கே எடை பார்த்த குழந்தைகள். ஒப்பிட முந்தைய எடையே இல்லை. மூன்றாவது, ஏழு வாரம் வெளியூர் போய்விட்டு வந்த குழந்தை. கடைசியாக நிறுத்தது பெயிண்டுக்கு முன்னால். அது ஒழுங்காக ஏறியிருந்தது. எல்லாக் குழந்தைகளும் ஒழுங்காகத்தான் ஏறியிருந்தன. நடுவில் ஐந்து வாரம் தராசு மிகையாகப் புகழ்ந்திருக்கிறது. அவ்வளவுதான்.

கிராமுக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. முடிச்சு அவிழ்ந்தால் வருகிற சந்தோஷம். நர்ஸின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

"அந்தப் பொண்ணு பதினோரு பேர்கிட்டயும் என்ன சொன்னா தெரியுமா? எதிர்லயே எழுதி வச்சிருக்கா பாருங்க. 'பால் பற்றாக்குறை இருக்கலாம். தாய்க்கு அறிவுறுத்தப்பட்டது.' பதினோரு தடவை."

மதியம் வரை நர்ஸ் போனிலேயே இருந்தாள். கிராம் காகிதத்தில் ஒவ்வொரு குழந்தையின் ஐந்து வார எடையையும் பதினொன்றால் வகுத்துப் பத்தால் பெருக்கிச் சரியான எடையை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பத்து வீட்டில் போனை எடுத்தார்கள். ஏழு பேர் பயந்திருந்தாலும் எதையும் மாற்றவில்லை. மூன்று பேர் பால்பவுடர் வாங்கியிருந்தார்கள். எடுக்காத ஒரே வீடு பேக்கரியில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணுடையது.

"அவ போனை எடுக்காம இருக்க மாட்டாளே" என்று நர்ஸ் எழுந்தாள். "நேர்ல போயிட்டு வந்துடறேன்."

"நானும் வரேன்."

"நீங்க எதுக்கு?"

"தப்பு தராசுதுன்னு தராசுக்காரன் சொன்னாத்தானே நம்புவாங்க."

பேக்கரிப் பெண்ணின் வீடு நான்கு மாடிக் கட்டடத்தின் நான்காவது மாடி. லிஃப்ட் இல்லை. அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக் என்று ஏறும்போது நர்ஸ் சொன்னாள். மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற கிராம், "ஊரையே தூக்கிவிடறாரு, வீட்டுக்கு மட்டும் நடந்து போறாரா?" என்று கேட்டார். நர்ஸுக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

கதவைத் திறந்தது அந்தப் புருஷன். வேலைக்குப் போகாமல் இருந்தான். சமையலறை மேடையில் பால்பவுடர் டின், வெந்நீரில் போட்ட பாட்டில்கள், ஒரு துண்டுக் காகிதத்தில் மணியும் அளவும். எல்லாம் சுத்தமாக, வரிசையாக இருந்தது. உள்ளே கட்டிலில் அவள் படுத்திருந்தாள். பக்கத்தில் இரண்டரை மாதப் பெண் குழந்தை, முழித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"காய்ச்சல் சிஸ்டர், நேத்திலிருந்து" என்றான் அவன். "பாப்பாவுக்கும் ரெண்டு நாளா வயித்தால போகுது."

நர்ஸ் முதலில் குழந்தையைப் பார்த்தாள். கண், நாக்கு, உச்சந்தலை, தோல். சிறுநீர் எத்தனை தடவை என்று கேட்டாள். "இப்போதைக்குப் பயமில்லை. ஆனா காலையில டாக்டர்கிட்ட காட்டிடணும். மூத்திரம் குறைஞ்சாலோ, துவண்டு போனாலோ காலை வரைக்கும் காத்திருக்கக் கூடாது." பிறகு தாயின் பக்கம் திரும்பினாள். கிராமும் புருஷனும் சொல்லாமலே சமையலறைக்கு நகர்ந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸின் குரல் கேட்டது. "ஒரு பக்கம் கல்லு மாதிரி கட்டிக்கிட்டு இருக்கேம்மா. ஏன் சொல்லல?"

"பாட்டில் கொடுத்தோம், அதனால இவ என்கிட்ட குடிக்கல. கட்டிக்கிச்சு."

"பால் இல்லாத இடத்துல எப்படிக் கட்டும்? யோசிச்சியா?"

அந்தக் கேள்வி அவளைவிடக் கிராமைத்தான் நன்றாகப் பிடித்துக்கொண்டது. அட, ஆமாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

நர்ஸ் கூப்பிட்டதும் உள்ளே போய்க் கதவோரம் நின்றார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஈயம், குண்டு, பெயிண்ட், சீட்டில் எழுதாமல் விட்டது. கடைசியில் பதிவேட்டுக் கணக்கு எழுதின காகிதத்தை நீட்டினார். "ஐந்து கிலோ அறுபது கிராம்னு அவங்க எழுதினப்போ பாப்பா உண்மையில நாலு கிலோ அறுநூறு. போன புதன்கிழமை நாலு கிலோ தொள்ளாயிரத்து அறுபது. நூறு கிராம் குறையலம்மா. முந்நூத்தி அறுபது கிராம் ஏறியிருக்கு."

அவள் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். பேக்கரியில் மாவு கலக்குகிற வேலை அவளுக்கு. உப்பு, ஈஸ்ட், சர்க்கரை எல்லாம் கிராம் கணக்கில் நிறுத்துப் போட்டுப் பழகின கை. மற்றவர்கள் கண்ணளவில் போட்டுவிட்டுத் திட்டு வாங்கும்போது, அவள் தராசு சொன்னபடி போட்டு நல்ல பெயர் வாங்கியவள்.

"அண்ணே, தராசு சொன்னா நான் கேள்வியே கேக்க மாட்டேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குப் பால் நல்லாத்தான் இருந்துச்சு. இவ குடிச்சிட்டுத் தூங்குவா, சிரிப்பா. எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. தராசு இல்லைன்னு சொன்னதும் நான் என்னை நம்பல, தராசை நம்பினேன்."

கிராமுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மின்விசிறியைப் பார்த்தார். குழந்தையும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"இனிமே பாட்டிலை விட்டுட்டு நேரடியாவே கொடு. அடிக்கடி. கட்டின பக்கம் முதல்ல" என்றாள் நர்ஸ். "காய்ச்சலுக்கும் சேர்த்து காலையில டாக்டரைப் பாரு. ஆனா கொடுக்கிறதை நிறுத்தாதே. குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் சுரக்கும். இந்த ஆறு நாள்ல குறைஞ்சதெல்லாம் திரும்ப வந்துடும்."

"எப்படித் தெரியும் சிஸ்டர்? பாட்டில்ல எண்பது மில்லின்னா கண்ணுக்குத் தெரியுது. என்கிட்ட எவ்வளவு குடிக்கிறாள்னு யாருக்குத் தெரியும்?"

கிராமின் வாய் சும்மா இருக்கவில்லை. "தெரிஞ்சுக்கலாமே."

மூவரும் அவரைப் பார்த்தார்கள்.

"லாரியில எவ்வளவு சரக்கு இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? காலி லாரியை ஒரு தடவை நிறுப்போம். சரக்கு ஏத்தினதும் ஒரு தடவை. கழிச்சா சரக்கு. பாப்பாவையும் குடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை, குடிச்சப்புறம் ஒரு தடவை."

"என் பொண்ணு லாரியா?" என்றாள் அவள். அழுதுகொண்டிருந்தவள் சிரித்தும்விட்டாள்.

நர்ஸ் யோசித்தாள். "பெரிய ஆஸ்பத்திரிகள்ல குறைமாசக் குழந்தைங்களுக்கு இப்படிப் பார்ப்பாங்க. ஆனா அதுக்கு நுணுக்கமான தராசு வேணும்."

"கீழ வண்டியில இருக்கு. அஞ்சு கிராம் வரைக்கும் காட்டும். உயிர்க்கோழி நிறுக்கிறதுக்குச் செஞ்சது. துள்ளினாலும் சராசரி எடுத்துச் சொல்லிடும். புதுசு. இன்னும் எந்தக் கோழியும் ஏறல."

நான்கு மாடி இறங்கி ஏறினார். தராசைத் துடைத்து, தரையில் மட்டம் பார்த்து வைத்து, மேலே துணி விரித்தார். கல் வைத்துச் சோதித்த பிறகுதான் குழந்தையை வாங்கிக்கொண்டார். "நடுவுல துணி மாத்தாதீங்க. உள்ள போனதுல கொஞ்சம் வெளிய வந்தாலும் அது துணியிலதான் இருக்கும், கணக்கு கெடாது." குழந்தை காலை உதைத்தது. எண்கள் குதித்து, தடுமாறி, நின்றன. புருஷன் எழுதிக்கொண்டான்.

பிறகு கதவு சாத்தப்பட்டது. ஆண்கள் இருவரும் சமையலறையில் நின்றார்கள். இருபது நிமிடம். கிராமுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நர்ஸ் வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், ஒரு சந்தேகம். இப்படிக் காயுதே வெயில். தண்ணிகூடக் கொடுக்கக் கூடாதா?"

"ஆறு மாசம் வரைக்கும் ஒரு சொட்டு வேண்டாம். தாய்ப்பால்ல முக்கால்வாசிக்கு மேல தண்ணிதான். தாகமும் தீரும், பசியும் தீரும். அந்த வயித்துல இவ்வளவுதான் இடம்" என்று முட்டையளவு விரலைக் குவித்துக் காட்டினாள். "அதுல தண்ணி போனா அவ்வளவு பாலுக்கு இடம் போச்சு. தண்ணியில, ஸ்பூன்ல, பாட்டில்ல எந்தக் கிருமி இருக்கோ அதுவும் கூடவே போகும்."

புருஷன் பாட்டில்களைப் பார்த்தான். "நான் நல்லாக் கொதிக்க வச்சேனே, சிஸ்டர்."

"நீங்க ஒரு குறையும் வைக்கல, தம்பி. ஆனா கையைக் கொதிக்க வைக்க முடியுமா? மூடியைத் திறந்த டின்னை? தாய்ப்பால் எங்கேயும் திறந்து மூடாம நேரா வாய்க்குப் போகுது. அம்மா உடம்பு எந்தக் கிருமியோட சண்டை போடுதோ, அதை எதிர்க்கிற சக்தியும் பால் வழியா குழந்தைக்குப் போகும். டின்ல அதை யாரும் அடைக்க முடியாது."

"எல்லாம் குழந்தைக்குத்தானா?" என்று அவன் கேட்டான். "பெத்தவளுக்கு இதுல என்ன இருக்கு? தூக்கம் கெட்டு, வலி பட்டு..."

அந்தக் கேள்வி கிராமுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. தனக்கு ஏன் தோன்றவில்லை என்று இருந்தது.

"நல்லாக் கேட்டீங்க" என்றாள் நர்ஸ். "குழந்தை சப்பச் சப்ப கர்ப்பப்பை சுருங்கும். பிரசவத்துக்கு அப்புறம் ரத்தப்போக்கு அடங்கறதுக்கு அது பெரிய உதவி. நிறைய மாசம் பால் கொடுத்தவங்களுக்குப் பின்னால மார்புப் புற்றுநோய், சர்க்கரை எல்லாம் வர்ற வாய்ப்பும் குறைவு. வலி இருந்தா சகிச்சுக்கன்னு நான் சொல்ல மாட்டேன். வலி இருந்தா குழந்தை பிடிக்கிற விதம் சரியில்லைன்னு அர்த்தம், அதைச் சரிபண்ணணும். இப்போ உள்ள அதைத்தான் பண்ணிட்டு வந்தேன்."

உள்ளிருந்து பேக்கரிப் பெண் கூப்பிட்டாள். குழந்தை பாதித் தூக்கத்தில் இருந்தது. அதே துணியோடு மறுபடி நிறுத்தார்கள். புருஷன் கழித்துப் பார்த்தான்.

"நாப்பத்தஞ்சு கிராம்."

"அவ்வளவுதானா?" அவள் முகம் விழுந்துவிட்டது.

"ஆறு நாள் பாட்டிலுக்கு அப்புறம், காய்ச்சலோட, நாப்பத்தஞ்சு" என்றாள் நர்ஸ். "பால் இல்லைன்னு சொன்னவ நீ."

கிளம்பும்போது ஒரு வாக்குவாதம் நடந்தது. தராசை இங்கேயே வைத்துவிட்டுப் போகலாம் என்றார் கிராம். கூடாது என்றாள் நர்ஸ். "ஒவ்வொரு தடவையும் நம்பரைப் பார்த்துப் பயந்தா சுரக்கிறதும் நின்னுடும். ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனையுதா, குடிச்சிட்டு நிம்மதியா இருக்காளா, அது போதும்."

"எனக்குப் போதாது, சிஸ்டர். நான் ஒரு தடவை ஏமாந்துட்டேன்" என்றாள் பேக்கரிப் பெண். "வச்சிட்டுப் போங்க, அண்ணே."

கிராம் வைத்துவிட்டுப் போனார். நர்ஸ் அவருக்கு முன்னால் விறுவிறுவென்று படி இறங்கினாள்.

வீட்டில் சாப்பிடும்போது இதையெல்லாம் மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். முட்டையளவு வயிறு, பாலில் தண்ணீர், சப்பினால் சுருங்குவது. அவள் கேட்டுக்கொண்டே பரிமாறினாள். "ரெண்டு பிள்ளைங்களை உங்க கண்ணு முன்னாடிதான் வளர்த்தேன். அப்போ இதுல ஒரு கேள்வியாவது கேட்டீங்களா? அன்னைக்கெல்லாம் தராசுக்குள்ளதான் தலையை விட்டுக்கிட்டு இருந்தீங்க."

"இப்போ கேக்கறேன். அப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?"

அவள் கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு எதிரே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். முதல் பிள்ளைக்கு மூன்றாவது வாரம் புண்ணாகி அழுதது, யாரிடமும் சொல்லத் தெரியாதது, இரண்டாவது பிள்ளைக்குத் தானாகவே பழகிப்போனது. சோறு ஆறிப்போகிற வரை பேசினாள். கிராம் குறுக்கே கேட்ட கேள்விகள்தான் அதிகம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே கடை போன் அடித்தது. "அண்ணே, முப்பதுதான் வந்திருக்கு. நேத்தைவிடக் குறைஞ்சிடுச்சு." அழுகிற குரல். கிராம் பயந்துபோய் நர்ஸுக்குப் போன் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டார். "நான் என்ன சொன்னேன்? கேட்டீங்களா?" என்று தொடங்கி இரண்டு நிமிடம் விடவில்லை. பிறகு அவளே பேக்கரிப் பெண்ணிடம் பேசினாள். டாக்டர் குழந்தைக்கும் தாய்க்கும் மருந்து எழுதிக் கொடுத்தார். பால் கொடுப்பதை அவரும் நிறுத்தச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை போன் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. கிராமுக்குத்தான் கை பரபரத்தது. என்ன எண் வந்திருக்கும், ஏறியதா இறங்கியதா என்று யோசித்துக்கொண்டே ஒரு காய்கறிக்கடைத் தராசை இரண்டு தடவை தப்பாக மாட்டினார்.

சனிக்கிழமை அவளே வந்தாள். தோளில் குழந்தை, பின்னால் தராசைச் சுமந்துகொண்டு புருஷன்.

"அண்ணே, இந்தாங்க உங்க கோழித் தராசு. இனிமே வேண்டாம்."

"ஏம்மா? சரியாக் காட்டலையா?"

"சரியாத்தான் காட்டுது." ஒரு நோட்டை விரித்தாள். மூன்று நாள் எண்கள். "பாருங்க. காலையில தொண்ணூறு, மத்தியானம் அம்பது, சாயங்காலம் முப்பது, மறுபடி எழுபது. தடவைக்குத் தடவை ஏறி இறங்குது. முதல்ல பயந்தேன். அப்புறம் ஒரு நாள் முழுக்கக் கூட்டிப் பார்த்தேன். புதன்கிழமையைவிட வியாழக்கிழமை கூட. வெள்ளிக்கிழமை காலைக் கணக்கும் வியாழக்கிழமை காலையைவிடக் கூட. எங்க பேக்கரியில ஒரே ஒரு பன்னை எடுத்து நிறுத்துட்டு மாவு சரியில்லைன்னு சொன்னா சிரிப்பாங்க. நான் அதைத்தான் பண்ணிக்கிட்டு இருந்திருக்கேன்."

"அப்போ இப்போ நிறுக்கறதே இல்லையா?"

"நேத்து மத்தியானத்துக்கு மேல நிறுக்கவே இல்ல. பாட்டிலும் கொடுக்கல. அழுதா கொடுக்கறேன், போதும்னா விடறா. அவளுக்குத் தெரியுதே, அண்ணே. எங்க ரெண்டு பேருக்கும்தான் தெரியல" என்று புருஷனைக் காட்டினாள். அவன் தராசை மேசையில் வைத்துவிட்டு, "அந்த டின்னை என்ன பண்றதுன்னுதான் தெரியல. டீ போட்டுக் குடிச்சேன், நல்லாவே இல்ல" என்றான்.

நிலையத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் எடை போடுவார்கள். அடுத்த எடை போடும் நாளன்று கிராம் வேலையைப் போட்டுவிட்டு நிலையத்துக்குப் போனார். பதினோரு தாய்மார்களும் வந்திருந்தார்கள். அவர் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னார். கையில் அந்தக் குண்டு. அடியில் ஈயம் அடைத்து மூடிய துளையைக் காட்டினார். சிலர் சிரித்தார்கள். ஒருத்தி, "இதுக்காக என் மாமியார்கிட்ட எத்தனை பேச்சு வாங்கினேன்!" என்று அடிக்காத குறையாகக் கேட்டாள்.

பேக்கரிப் பெண்ணின் குழந்தை ஐந்து கிலோ இருநூற்றெழுபது. பவுடர் வாங்கின மற்ற மூவரில் இருவர் அதை விட்டிருந்தார்கள். மூன்றாமவள், தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், முழுக்கவே பாட்டிலுக்குப் போய்விட்டிருந்தாள். அவளுக்கு ஏற்கெனவே பால் குறைவு; நர்ஸ் எவ்வளவோ முயன்றும் திரும்பவில்லை. குழந்தை நன்றாகத்தான் இருந்தது. அவள் கிராமைக் குறை சொல்லவும் இல்லை. "பரவாயில்ல, விடுங்க" என்று மட்டும் சொன்னாள். திட்டின பெண்ணைவிட அந்த ஒரு வார்த்தைதான் பல நாள் அவரைப் படுத்தியது. அன்றிலிருந்து எந்தத் தராசைச் சரிசெய்தாலும், அது முன்னால் எவ்வளவு பிசகியிருந்தது, எப்போதிலிருந்து இருக்கலாம் என்பதையும் சீட்டில் எழுதாமல் கையெழுத்துப் போடுவதில்லை.

நான்காவது மாதம் பேக்கரிப் பெண் வேலைக்குத் திரும்பினாள். அங்கே கிரீம் வைக்கிற குளிர்ப்பெட்டியின் மேல்தட்டு அவளுக்கென்று ஒதுக்கப்பட்டது. வேலைக்கு நடுவே மாவு மூட்டை அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாலை எடுத்து, மூடி போட்ட கிண்ணத்தில் நேரம் எழுதி வைப்பாள். மாலையில் வீட்டுக்கு எடுத்துப்போவாள். மறுநாள் பகலில் குழந்தைக்குச் சின்னக் கோப்பையில் கொடுப்பது அவன் பொறுப்பு. அவன் மாலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தான். "லிஃப்டைவிட இது கஷ்டம், சார்" என்று கிராமிடம் சொன்னான். "லிஃப்ட் துப்பாது."

ஆறு மாதம் முடிந்த வாரம் பேக்கரியின் மாவுத் தராசைப் பார்க்க வரச்சொல்லிக் கிராமுக்கு அழைப்பு வந்தது. போனபோது பேக்கரிப் பெண்ணின் புருஷனுக்கு விடுமுறை நாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். அவள் ஒரு வாழைப்பழத்தைக் கிண்ணத்தில் மசித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குத்தான் முதல் தடவை, அண்ணே. பாலோட சேர்த்து இதுவும். சிஸ்டர் சொல்லிட்டாங்க."

கிராம் தராசை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து குனிந்தார். ஸ்பூன் நுனியில் கொஞ்சமாக எடுத்துக் குழந்தையின் உதட்டில் வைத்தாள். குழந்தை வாயை மூடிக்கொண்டது. நாக்கால் தள்ளியது. பிறகு அம்மாவைப் பார்த்தது, ஸ்பூனைப் பார்த்தது, மறுபடி அம்மாவைப் பார்த்தது. புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏறின. ஒரு கையை நீட்டி ஸ்பூனைப் பிடித்து, அதைத் திருப்பி, அடிப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தது.